முப்பத்தாறு கம்பிச் சக்கரத்தின் சார்பாக

கல்லாறு என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டு வாசகர்களில் பெரும்பாலோருக்கு, மேட்டுப்பாளையத்தைத் தாண்டி நீலகிரி ரயில் பற்சக்கரத்தின் துணையோடு மலையேறத் தொடங்கும் அந்த இடமே நினைவுக்கு வரும். நான் எழுதப்போவது வேறொரு கல்லாற்றைப் பற்றி. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், வாமனபுரம் ஆற்றின் தலைப்பகுதியில், உருண்டைக் கற்களின் மேல் தண்ணீர் சலசலத்து ஓடும் ஒரு சிற்றூர் அது. அதைக் கடந்த சிறிது தூரத்திலேயே, 22 கொண்டையூசி வளைவுகளோடு, காடும் தேயிலைத் தோட்டமுமாய் மலைப்பாதை மேலேறி, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்திலுள்ள பொன்முடியில் போய் முடிகிறது. நீலகிரிக் கல்லாற்றில் எஞ்சினுக்குத் தண்டவாளத்தின் நடுவே பற்சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கல்லாற்றுக்கு நாகர்கோவிலிலிருந்தோ, செங்கோட்டை, தென்மலை, குளத்துப்புழை வழியாகவோ மூட்டை முடிச்சுகளுடன் வந்து சேரும் சைக்கிள் பிரயாணிக்குத் தன் இரண்டு சக்கரங்களன்றி வேறு துணை கிடையாது.

அந்தச் சக்கரங்களைப் பற்றியே இந்தக் கட்டுரை. மலைச் சைக்கிள் என்ற பெயரில் விற்கப்படும் கியர் வண்டிகளை வாங்கி, பின்னால் காரியர் பொருத்தி, இருபுறமும் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நாட்கணக்கில் ஊர் சுற்றும் பழக்கம் நம் இளைஞரிடையே மட்டுமன்றி, உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் சிலரிடையேயும் பரவியிருப்பது சந்தோஷிக்க வேண்டிய விஷயம். ஆனால் பந்தயத்துக்கும் பாரத்துக்கும் வித்தியாசம் பாராமல் ஒரே அச்சில் செய்யப்பட்ட அவ்வண்டிகளில் முதன்முதலில் சீர்கெடுவது பெரும்பாலும் பின்சக்கரந்தான். அது சீர்கெட்டவுடன் மாற்றுச் சக்கரம் தேடிக் கடைக்குப் போகிறவருக்குக் கிடைக்கும் ஆலோசனையோ, எடை குறைந்ததாகவும், கம்பிகள் சொற்பமாகவும், விலை மிகுந்ததாகவும் உள்ள ஏதேனும் ஒன்றை வாங்கச் சொல்வதாகவே பெரும்பாலும் இருக்கிறது. என் அபிப்பிராயம் இதற்கு நேர் விரோதமானது. சுமையோடு மலைநாட்டில் பிரயாணம் செய்கிறவர் பின்சக்கரத்துக்கு 36 கம்பிகளைக் கேட்டு வாங்க வேண்டும். அகப்படாவிட்டால் 32-ஐ ஏற்றுக்கொள்ளலாம். அதற்குக் குறைந்த எதையும் இலவசமாகக் கொடுத்தாலும் தொடலாகாது. அத்துடன், சக்கரத்துக்கென்று ஒதுக்கும் பணத்தில் கணிசமான ஒரு பகுதியைப் பொருளுக்கல்ல, அதைக் கம்பி கோத்துக் கட்டும் கைக்கே கொடுக்க வேண்டும்.

2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் இதே பொன்முடியில், மெர்ச்சிஸ்டன் தோட்டத்துச் சரிவுகளில் நடைபெற்றது. பல தேசத்து வீரர்கள் கல்லாற்றைக் கடந்து போனார்கள். அவர்களுடைய வண்டிகளைக் கண்ட நம்மவர் பலரின் மனத்தில் கார்பன் ரிம்மின்மேல் ஒரு மோகம் பற்றிக்கொண்டிருந்தால் அதில் ஆச்சரியமில்லை. ஆனால் பந்தயத்தின் தர்மம் வேறு, பிரயாணத்தின் தர்மம் வேறு. பந்தய வீரர் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் மிதிக்கிறார். அவர் வண்டியில் சுமை இல்லை. சக்கரம் கெட்டால் மாற்றுச் சக்கரத்துடன் காத்திருக்க ஒருவர் உண்டு. மறுநாள் காலை அவ்வண்டி ஒரு தொழில்நுட்பக் கலைஞரின் கைக்குப் போய்ச் சேர்கிறது. பிரயாணியோ பன்னிரண்டாவது வளைவில், மழையில், கம்பி அறுந்த சக்கரத்துடன் தனியே நிற்கிறவர். அவருக்கு வேண்டியது சேதமே அடையாத சக்கரம் அன்று. அப்படி ஒன்று உலகத்தில் இல்லை. சேதமடைந்தாலும் ஊர்வரை உருண்டு போகக்கூடிய, அந்த ஊரில் கிடைக்கும் சாமான்களாலேயே செப்பனிடக்கூடிய சக்கரமே அவருக்கு வேண்டியது.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ளச் சக்கரத்துக்குள் நடப்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மாட்டு வண்டிச் சக்கரத்தில் பாரம் முழுவதும், தரையை நோக்கி நிற்கும் மர ஆரக்காலின் மேல் ஊன்றி இறங்குகிறது. சைக்கிள் சக்கரத்தின் கம்பி, கடைக்காரர் போக்ஸ் கம்பி என்று சொல்லும் அந்த இரண்டு மில்லிமீட்டர் எஃகு இழை, ஊன்றுகோலாக நிற்க வலுவற்றது. அமுக்கினால் உடனே வளைந்துவிடும், இழுத்தால் மட்டுமே தாங்கும். ஆகவே 1869-இல் பாரிஸ் நகரத்து யூஜீன் மேயர் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றபோது, அவர் செய்தது ஆரக்காலை மெலிதாக்கியது மட்டுமன்று, பாரத்தைத் தாங்கும் முறையையே தலைகீழாக மாற்றியது எனலாம். எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே முறுக்கி இழுத்துக் கட்டிவிட்டால், மேலே பாரம் ஏறும்போது தரைக்கு அண்மையில் உள்ள இரண்டு மூன்று கம்பிகளின் இழுவிசை சிறிது குறைகிறது. அந்தக் குறைவே பாரத்தைத் தாங்கும் செயலாகிறது. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் இன்னொரு திருத்தம் செய்தார். நடுவிலுள்ள ஹப்பிலிருந்து நேராக ஓடிய கம்பிகளை அவர் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போகும்படி சாய்த்துக் கோத்ததால், மிதிக்கும் விசையையும் பிற்காலத்தில் ஹப்பின் மேலேயே வந்து அமர்ந்த டிஸ்க் பிரேக்கின் விசையையும் முறுக்கேறாமல் ரிம்முக்குக் கொண்டுபோவது சாத்தியமாயிற்று. ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்பும் நம் வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் அவர் வகுத்த அமைப்புத்தான்.

இனி, 26 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு ஏறக்குறைய 480 முறை சுழல்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மீண்டும் இறுகுகிறது. ஆயிரம் கிலோமீட்டர் போய்வந்தால் ஏறக்குறைய ஐந்து லட்சம் முறை. கம்பி அறுவது ஒரே ஒரு பெரிய அதிர்ச்சியால் என்று சாமான்யமாக நினைக்கிறோம். உண்மையில் அது அறுவது இந்த லட்சக்கணக்கான சிறு தளர்ச்சிகளால், ஹப்பின் துளைக்குள் அது வளைந்து நுழையும் முழங்கையில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் நாளடைவில் ஆழமாவதால்தான். அமெரிக்கப் பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981-இல் சைக்கிள் சக்கரத்தைப் பற்றி மட்டுமே எழுதி வெளியிட்ட நூலில் இந்த விஷயங்களை விஸ்தாரமாக விளக்கியிருக்கிறார். இதிலிருந்து பெறப்படும் முடிவு நம் சகஜ புத்திக்குச் சற்று முரணானது: கம்பி மிக இறுக்கமாக இருப்பதால் அறுவது அபூர்வம், போதிய இறுக்கமின்றித் தொளதொளத்திருப்பதாலும், ஒன்று இறுக்கமாகவும் அடுத்தது தளர்ந்தும் இருப்பதாலும் அறுவதே மிகுதி. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுழற்சியிலும் முற்றிலும் விசையிழந்து மீண்டும் வெடுக்கென்று இழுபடுகிறது. அதை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் நிப்பிள் என்ற சிறு மரையும் தானாகவே கழன்று வருகிறது.

கம்பிகளின் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதும் இதனால் தெளிவாகும். கம்பிகள் அதிகமானால் ஒவ்வொன்றின் பங்குக்கு வரும் தளர்ச்சி குறைகிறது. ஒன்று அறுந்தாலும் அதன் இருமருங்கிலும் உள்ளவை இடைவெளியை ஓரளவு நிரப்பிக்கொள்கின்றன. 36 கம்பிச் சக்கரத்தில் ஒன்று அறுந்தால் சிறிது கோட்டம் விழும். ரிம் பிரேக்காக இருந்தால் அதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக்கொண்டு விதுரா வரைக்கும், ஏன், நெடுமங்காடு வரைக்கும்கூட மெல்லப் போய்ச் சேரலாம். 20 அல்லது 24 கம்பிகள் உள்ள சக்கரத்தில் ஒன்று அறுந்தால், சக்கரம் வண்டியின் சட்டத்தை உரசிக்கொண்டு நின்றுவிடக்கூடும். பின்பு வண்டியைத் தோளில் சுமக்க வேண்டியதுதான்.

நம் நாட்டுக் கறுப்புச் சைக்கிளின் சக்கரங்களை யாரேனும் எண்ணிப் பார்த்திருக்கிறார்களா? முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் இருக்கும். இது ஆங்கிலேய உற்பத்தியாளரின் சம்பிரதாயம். 1949-இல் தொடங்கப்பெற்று அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனமும், லூதியானாவின் தொழிற்சாலைகளும் இதை மாற்றாமலே பின்பற்றின. வண்டியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு பின்சக்கரத்தின் மேல் விழுகிறது, மிதிக்கும் விசையும் அதன் வழியாகவே போகிறது, ஆகவே அதற்கு எட்டுக் கம்பிகள் அதிகமாகத் தேவை என்ற அந்த நேர்மையான கணக்கு, பால் கேன்களையும் நெல் மூட்டைகளையும் மனைவி மக்களையும் ஒருசேர ஏற்றிக்கொண்டு மூன்று தலைமுறைக் காலம் ஓடிய வண்டிகளால் நிரூபிக்கப்பட்டது. அவ்வண்டிகளில் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு: கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில், மையத்தை நோக்கிய முகத்தில் அழுந்துவதால், சக்கரத்தில் பக்கவாட்டுக் கோட்டம் இருந்தாலும் பிரேக் பிடிப்பதற்குப் பெரிய இடையூறு நேர்வதில்லை. நவீனம் என்ற பெயரில் இரு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் கம்பிகளை வைப்பது தொழிற்சாலைக்குச் சௌகரியம். பிரயாணிக்கு அதனால் ஆதாயம் ஏதுமில்லை. ஹப்புகளைத் தனித்தனியே வாங்கிச் சக்கரம் கட்டுவிப்பவர் முன்னால் 32, பின்னால் 36 என்று வைத்துக்கொண்டால் பழைய ஞானத்தின் பெரும்பகுதி மீண்டும் கைக்கு வந்துவிடும்.

கியர் வண்டியில் பின்சக்கரத்துக்கு வேறொரு தொல்லையும் இருக்கிறது. வலப்பக்கம் பற்சக்கர அடுக்குக்கு இடம் விட வேண்டியிருப்பதால், அப்பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழச் செங்குத்தாகவும், இடப்பக்கத்தவை சாய்வாகவும் நிற்கின்றன. ரிம் நடுவில் நிற்பதற்காக வலப்பக்கத்தை மிக இறுக்கமாகவும் இடப்பக்கத்தை அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இறுக்கமாகவும் கட்ட நேர்கிறது. வலப்பக்கத்தில் ஒரு கம்பி அறுந்தால் பற்சக்கரத்தைக் கழற்றாமல் புதியதைக் கோக்க முடியாது. அதற்கான சாவி வழியில் உள்ள சிற்றூர்க் கடைகளில் அகப்படாது. ஆகவே அந்தச் சிறு சாவியை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது, இரண்டாவது பம்பு வாங்குவதைவிட உசிதம்.

அளவைப் பற்றிச் சொல்லும்போது சற்று ஜாக்கிரதை வேண்டும்; ஏனெனில் சைக்கிள் உலகத்தில் அங்குலக் கணக்கைப் போல் மனிதனை ஏமாற்றுவது வேறொன்றில்லை. 26 அங்குலம் என்று சொல்லப்படும் மலைச் சைக்கிள் டயர் உட்காரும் ரிம்மின் குறுக்களவு 559 மில்லிமீட்டர். அதே 26 என்ற எண்ணைத் தாங்கி வரும், நம் ஊர்ப் பெண்கள் சைக்கிள்களில் பரவலாகக் காணப்படும் 26 × 1⅜ டயருக்கோ 590 மில்லிமீட்டர். ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 27.5 என்பது 584, 29 என்பது 622, நம் கறுப்புச் சைக்கிளின் 28 × 1½ என்பது 635. 28 என்று பெயர் பெற்றது 29 என்று பெயர் பெற்றதைவிடப் பெரியதாக இருக்கும் இந்த விசித்திரத்துக்கு யாரும் இதுவரை வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. டயரின் பக்கத்தில் 50-559 என்பது போல் அச்சிடப்பட்டிருக்கும் இரண்டு எண்களில் பின்னதைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போவதே உத்தமம். முன்னது டயரின் அகலம்.

மேலைநாட்டுத் தொழிற்சாலைகள் 26 அங்குலத்தை ஏறக்குறையக் கைவிட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆனால் பழைய 26 அங்குல மலைச் சைக்கிள் வைத்திருப்பவர், சக்கரம் மாற்ற வேண்டி வந்துவிட்டதே என்று வண்டியையே தள்ளிவிட நினைப்பது அவசரபுத்தி. இந்த அளவு டயரும் டியூபும் இன்றும் நம் நாட்டுச் சிறு நகரங்களின் சாதாரணக் கடைகளில் கிடைக்கின்றன. சிறிய ரிம்மில் கம்பிகள் குட்டையாகவும் அவற்றின் சாய்வு கூடுதலாகவும் இருப்பதால் சக்கரம் இயல்பாகவே உறுதியானது. உலகம் சுற்றும் சைக்கிள் பிரயாணிகள் நெடுங்காலம் இந்த அளவையே விரும்பியதற்கு இவ்விரண்டும் காரணம். 29 அங்குலம் குழிகளின் மேல் சுகமாக உருளும் என்பதை நான் மறுக்கவில்லை. புதிதாக வண்டி வாங்குகிறவர் அதை வாங்கட்டும். இருக்கிற வண்டியைக் காப்பாற்ற நினைக்கிறவருக்கு 559 ஒரு குறையே அன்று.

ஹப்பைப் பற்றி இரண்டு விஷயங்கள் சொன்னால் போதும். விலை குறைந்த கியர் வண்டிகளில் ஆறு அல்லது ஏழு பற்சக்கரங்கள் கொண்ட ஃப்ரீவீல் முழுவதையும் ஹப்பின் மேல் மரை சுற்றித் திருகியிருப்பார்கள். இதில் குண்டுகள் உருளும் வலப்பக்கத்துப் பால்ரஸ் உள்ளே தள்ளி அமைய, அச்சின் ஒரு பகுதி ஆதாரமின்றி நீட்டிக்கொண்டு நிற்கிறது. சுமையோடு குழியில் விழுந்தால் அவ்விடத்தில் வளையும், நாளடைவில் முறியும். ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1970-களின் இறுதியில் புகுத்திய ஃப்ரீஹப் அமைப்பில் அந்தப் பால்ரஸ் வெளி ஓரத்துக்கே போய்விடுவதால் இத்துன்பம் பெரும்பாலும் ஒழிந்தது. மாற்றுச் சக்கரம் வாங்குகிறவர் வேறு எதில் சிக்கனம் செய்தாலும் இதில் செய்யக்கூடாது. மற்றது அளவுப் பொருத்தம்: பழைய வண்டியின் பின் முள்கரண்டி 135 மில்லிமீட்டர் இடைவெளி உடையது; புதியவற்றில் 142, 148 என்று வந்துவிட்டது; கையில் உள்ள வண்டியை அளக்காமல் விளம்பரத்தைப் பார்த்துச் சக்கரம் தருவித்தவர்கள் அதைச் சுவரில்தான் மாட்டிவைக்க வேண்டியிருக்கும். கோனும் குண்டுமாய்த் திறந்து கிரீஸ் போடும் ஹப் நல்லதா, மூடிய பேரிங் நல்லதா என்ற விவாதத்தில் எனக்குப் பிடிவாதம் கிடையாது. ஆண்டுக்கொரு முறையாவது ஓவராயில் செய்கிறவருக்கு முன்னது. செய்யாதவருக்குப் பின்னது, அதுவும் சாதாரண பேரிங் கடையில் எண் சொல்லி வாங்கக்கூடியதாயின்.

கல்லாற்றுப் பகுதிக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் ஆக இரண்டும் வந்து சேர்கின்றன. மழையில் மணல் கலந்த நீர் ரிம்மின் பக்கத்தில் படிய, ரிம் பிரேக்கின் ரப்பர் அதனை அரத்தைப் போல அலுமினியத்தின் மேல் தேய்க்கிறது. ஒவ்வோர் இறக்கத்திலும் ரிம்மின் சுவர் சிறிது சிறிதாகக் கரைகிறது. சுவர் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே மெலிந்த ரிம்மைக் கழித்துவிட வேண்டும். இல்லாவிடில் டயரின் காற்றழுத்தமே அதைப் பிளந்துவிடும். தேய்மானத்தைக் காட்டுவதற்கென்று பல ரிம்களில் ஒரு மெல்லிய கோடு வெட்டப்பட்டிருக்கும். அது மறைந்துவிட்டதா என்று பார்க்கிறவர் மிகச் சிலர்.

இதோடு சூடும் சேர்கிறது. ஆளும் வண்டியும் சுமையுமாக 100 கிலோ எடை 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாக வைத்துக்கொண்டால், வெளிப்படும் சக்தி ஏறக்குறைய பத்து லட்சம் ஜூல். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்கிறது. ஆனால் வளைவுக்கு வளைவு நிதானித்து இறங்க வேண்டிய பொன்முடியிலோ, 40 வளைவுகள் உள்ள வால்பாறையிலோ, 70 வளைவுகள் உள்ள கொல்லிமலையிலோ, பெரும்பகுதி பிரேக்குக்கே வந்து சேரும். ரிம் பிரேக்கில் அந்தச் சூடு டியூபுக்கு ஓரங்குலம்கூட இல்லாத தூரத்தில் பிறக்கிறது. மலைச் சைக்கிள் என்ற இனமே இப்படிப்பட்ட சூட்டில்தான் பிறந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்: கலிபோர்னியாவில் மரின் மாவட்டத்து இளைஞர்கள் 1976-இல் மலைச்சரிவொன்றில் பந்தயம் தொடங்கியபோது, அவர்களுடைய பழைய வண்டிகளின் பின் ஹப் பிரேக்கிலிருந்த கிரீஸ் ஒரே இறக்கத்தில் புகைந்து தீர்ந்துபோக, ஒவ்வொரு முறையும் கிரீஸை மறுபடி அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் நிலைத்துவிட்டது.

ஆகவே வண்டியின் சட்டத்தில் இடம் இருந்தால் டிஸ்க் பிரேக்குக்கு உரிய சக்கரத்தையே தேர்வது நலம். ரிம் தேய்வதில்லை, கோட்டம் விழுந்தாலும் பிரேக் கெடுவதில்லை. ஆனால் டிஸ்க் தகட்டுக்கு இடம் விடுவதற்காக முன்சக்கரமும் ஒருபக்கம் சாய்ந்து கட்டப்படுவதாலும், பிரேக்கின் முறுக்கு விசை கம்பிகளின் வழியாகவே போக வேண்டியிருப்பதாலும், டிஸ்க் வண்டியின் முன்சக்கரத்துக்கும் 32 கம்பிகளுக்குக் குறையக்கூடாது. அவை மூன்று குறுக்காக, அதாவது ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்றைக் குறுக்கே கடக்கும்படி, கோக்கப்பட்டிருக்க வேண்டும். ஆறு திருகாணிகளால் தகட்டைப் பொருத்தும் ஹப், வழியில் கழற்றி மாட்ட எளிது. ரிம் இரட்டைச் சுவர் கொண்ட அலுமினியமாகவும், இரண்டங்குல டயருக்கு உள்ளகலம் 21 முதல் 25 மில்லிமீட்டர் வரை உள்ளதாகவும் இருந்தால் திருப்தி. கம்பி துருப்பிடிக்காத எஃகாகவும் நிப்பிள் பித்தளையாகவும் இருக்கட்டும்; அலுமினிய நிப்பிள் கடற்காற்றிலும் மழையிலும் அரித்துப் போய், கோட்டம் எடுக்கச் சாவியை வைத்ததும் கையோடு வந்துவிடும். நடுவில் 1.8 மில்லிமீட்டராக மெலிந்து இரு முனைகளிலும் 2 மில்லிமீட்டர் தடித்த கம்பியைக் கண்டு பலவீனம் என்று அஞ்ச வேண்டாம். மெலிந்த நடுப்பகுதி சிறிது நீண்டு கொடுப்பதால் முழங்கைக்கு வரும் உபத்திரவம் குறைகிறது. ஒரே தடிமனான கம்பியைவிட அது நெடுநாள் உழைக்கும்.

இத்தனை கம்பிகளும் இவ்வளவு தடித்த ரிம்மும் வண்டியைப் பாரமாக்கிவிடாதா என்று கேட்பார்கள். ஆக்கும். ஒரு கம்பியின் எடை ஆறேழு கிராம். நான்கு கம்பிகள் கூடினால் நிப்பிள்களோடு சேர்த்து முப்பது கிராமுக்குச் சற்று மேல். இரண்டு தண்ணீர் பாட்டில், கூடாரம், மாற்று உடை, அடுப்பு என்று பதினைந்து கிலோவை வண்டியின் பின்புறத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர் இந்த முப்பது கிராமுக்காகக் கவலைப்படுவதை நான் ரசிக்கிறேனே தவிர மதிக்கவில்லை. கார்பன் ரிம் பலமற்றது என்று நான் சொல்லவில்லை. அதில் விரிசல் கண்டால் திருவனந்தபுரத்துக்கும் திருநெல்வேலிக்கும் இடையில் யாரும் அதைச் செப்பனிட மாட்டார்கள் என்பதே என் ஆட்சேபணை. அலுமினிய ரிம் நெளிந்தால், கல்லின் மேல் வைத்துத் தட்டியேனும் ஊர்வரை கொண்டு சேர்க்கலாம்.

இவையெல்லாம் சாமான்களைப் பற்றியவை. இவற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் நம் சந்தை முற்றிலும் மறந்துவிட்டது. யந்திரத்தால் கட்டப்பட்டு வரும் சக்கரங்களில் பல, பார்வைக்கு நேராகச் சுழன்றாலும், போதிய இறுக்கமின்றியும் கம்பிக்குக் கம்பி இழுவிசை வேறுபட்டும் இருக்கின்றன. தேர்ந்த கைகளோ, நிப்பிள்களைச் சுற்று சுற்றாக இறுக்கிக்கொண்டு வந்து, இணைக் கம்பிகளைப் பிடித்து அழுத்தி முழங்கைகளைத் துளையில் படியவைத்து, விரலால் ஒவ்வொரு கம்பியையும் மீட்டி ஒரு பக்கத்தவை எல்லாம் ஒரே சுருதியில் ஒலிக்கின்றனவா என்று கேட்டு, மறுபடியும் கோட்டம் எடுத்து முடிக்க ஒரு சக்கரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவிடுகின்றன. ஒரே ஹப், ஒரே ரிம், ஒரே கம்பி கொண்டு கட்டிய இரண்டு சக்கரங்களில் ஒன்று ஆண்டுக்கணக்கில் உழைப்பதும் மற்றது ஒரே மாதத்தில் கம்பி கம்பியாக உதிர்வதும் இந்த ஒரு மணி நேரத்தின் வித்தியாசத்தால்.

அந்தக் கைகளுக்கு நாம் கொடுக்கும் கூலி என்ன? “அண்ணாச்சி, வீல்ல கொஞ்சம் கோட்டம் இருக்கு, சும்மா பாத்து எடுத்து விடுங்க” என்று நாகர்கோவில் கடைத்தெருவில் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போகிறோம். திரும்பி வந்து, பஞ்சர் ஒட்டிய கூலிக்குச் சற்று மேலாகக் கொடுக்கவும் பேரம் பேசுகிறோம். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து ரிம் வாங்கத் தயங்காதவர்கள், அதை உயிருள்ள சக்கரமாக்கும் வேலைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கேட்டாலும் கொள்ளை என்கிறார்கள். இதன் விளைவாக, 40 கம்பிச் சக்கரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கோக்கக்கூடிய முதியவர்களின் கடைகளில் அவர்களுடைய பிள்ளைகள் இல்லை; பளபளப்பான புதிய கடைகளில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சக்கரம் கட்டத் தெரியாது, பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுக்கத்தான் தெரியும். கேரள அரசும் தமிழ்நாட்டு அரசும் மலைச் சுற்றுலாவைப் பற்றி உற்சாகமாகப் பேசிவருகின்றன. சாகசப் பந்தயங்களுக்குப் பணம் செலவாகிறது. அதில் மிகச் சிறிய ஒரு பகுதியைக் கொண்டு, தொழிற்பயிற்சி நிலையங்களில் சைக்கிள் பழுதுபார்ப்பை ஒரு குறுகிய காலப் பாடமாக வைத்து, சக்கரம் கட்டுவதை அதன் தேர்வாகவும் வைத்தால், நெடுமங்காட்டிலும் தென்காசியிலும் பொள்ளாச்சியிலும் கற்றுத் தேர்ந்த ஒருவரேனும் இருப்பார். மலையடிவார ஊர்களில் வழிகாட்டிப் பலகை நாட்டுவதைவிட இது பிரயாணிக்கு உபகாரமானது.

உற்பத்தியாளரிடத்தில் கேட்பதற்கும் ஒன்று உண்டு. அதற்குச் செலவே இல்லை. பின்சக்கரத்தின் இடப்பக்கம் ஒரு நீளம், வலப்பக்கம் ஒரு நீளம், டிஸ்க் உள்ள முன்சக்கரத்துக்கு இன்னும் இரண்டு நீளம் என்று கம்பிகள் மில்லிமீட்டர் கணக்கில் வேறுபடுகின்றன. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தவறினாலே கம்பி நிப்பிளில் எட்டாது, அல்லது வெளியே நீட்டி டியூபைக் குத்தும். ஆயினும் வண்டியோடு வரும் கைப்புத்தகத்தில் மணி அடிக்கும் விதம்கூட விவரிக்கப்பட்டிருக்கும், கம்பியின் நீளம் மட்டும் இராது. அதை ரிம்மில் ஒரு சிறு ஒட்டுத்தாளில் அச்சிடட்டும். அதுவரையில், சக்கரம் கட்டுவித்துக்கொள்கிறவர் கடைக்காரரிடம் அந்த நீளங்களை ரசீதின் பின்புறத்தில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் மும்மூன்று கம்பிகளை நிப்பிளோடு சேர்த்து, பின்சக்கரத்துக்குப் போகும் சட்டக் குழாயின் இடப்பக்கத்தில் டேப்பால் ஒட்டிக்கொண்டு புறப்படலாம். முந்நூறு, நானூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை அதே கடைக்குத் திரும்பிப் போய், படிந்து தளர்ந்த கம்பிகளை மீண்டும் இறுக்கிக்கொள்ளவும் வேண்டும், அந்த வேலைக்கு உரிய கூலியைக் கொடுத்து.